மட்கார்டில் ஒரு கைப்பிடி

அத்தியாயம் 6

“டிராக்டரா?” என்றாள் மௌரீன்.

“டிராக்டர்தான் மேடம். குட்டி டிராக்டர். இதைவிடச் சின்னதா வேணும்னா பொம்மைக் கடைக்குத்தான் போகணும்.”

இளவேனில் ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தாள். மௌரீனுக்காக வந்திருந்த டீயை எடுத்துத் தானே குடித்தாள். ஆஸ்டின் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது மௌரீனின் துப்பறியும் ஆபீஸ். காலை முழுக்கக் கீழேயிருந்து பன் வாசனை ஏறி வரும், பன் வராது. அதுதான் இந்த வேலையில் இளவேனிலுக்கு இருக்கும் பெரிய குறை.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்கள் விழிக்கக் கூடாது, கண்ணுங்களா. அதனால் நடந்ததை ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், இதில் யாரும் சாகப்போவதில்லை.

தொம்மலூரில் ஒரு பழைய வீடு. அதில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். அக்கா அலர்மேல்மங்கைக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளாமலே அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கை ஸ்ரீலக்ஷ்மி கல்யாணமாகி, கணவரைச் சீக்கிரமே பறிகொடுத்து, அக்காவிடமே திரும்பி வந்தவர். போன மாதம் ஒருநாள், மைசூரில் ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று பையோடு கிளம்பிய அக்கா திரும்பி வரவில்லை. மைசூரில் அப்படியொரு சிநேகிதியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வரும். “நன்னா இருக்கேன் லச்சு, என்னைத் தேடாதே.” அவ்வளவுதான். மற்ற நாட்களில் அந்த நம்பர் தூங்கும். போலீஸில் போய்ச் சொன்னால், “பெரியவங்கம்மா, அவங்க இஷ்டம்” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் ஸ்ரீலக்ஷ்மி மௌரீனிடம் வந்தார். “அவளை அழைச்சுண்டு வந்துடுங்கோ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

துப்பு ஒன்றும் கிடைக்காமல் இருந்தபோது, போன செவ்வாய்க்கிழமை தொம்மலூர் வீட்டின் பழைய டெலிபோன் அடித்தது. யாரோ ஒரு பெண், ஏதோ ஒரு கடையிலிருந்து கன்னடத்தில் பேசினாளாம். அலர்மேல்மங்கை மேடம்தானே, வண்டி ரெடி, உங்கள் முதலாளி கேட்டபடியே கைப்பிடி போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை டெலிவரி. முப்பது வருஷமாக யார் நம்பர் கேட்டாலும் வீட்டு நம்பரைச் சொல்லிப் பழகிய வாய். ஒளிந்துகொண்டிருக்கும்போதும் அதையே சொல்லிவிட்டது, பாவம்!

ஸ்ரீலக்ஷ்மி அதை மௌரீனிடம் சொல்லிப் புலம்பினார். “முதலாளியாம்! இந்த வயசுல என் அக்கா யார்கிட்டயோ வேலைக்காரியா மாட்டிண்டிருக்கா.”

கூப்பிட்ட நம்பரை வைத்துக் கடையைப் பிடித்தாள் இளவேனில். நேற்றுப் போய்விட்டு வந்து, இன்று காலை அறிக்கை சமர்ப்பிக்கிறாள்.

“முகவரி குடுத்தாங்களா?”

“கஸ்டமர் விவரம் தரமாட்டாங்களாம். ஆனா அந்த சேல்ஸ்மேன் ஹரிஷ் இருக்கானே, முகவரியைத் தவிர மத்ததெல்லாம் சொல்லுவான். அம்மாவை அவனுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பெரிய வண்டியைக் காட்டி, ‘இது எடுங்க மேடம், கௌரவமா இருக்கும்’னானாம். ‘கௌரவம் சப்பரத்துல இடிக்கும்’னாங்களாம். அதனால அவங்க இருக்கறது கோயில்ல. சாமி ஊர்வலத்துல சப்பரம் இழுக்க டிராக்டர் வாங்கியிருக்காங்க. யாரோ டிரஸ்டிதான் முதலாளி. கேஸ் முடிஞ்சது. பன் வாங்கித் தர்றீங்களா?”

மௌரீன் சிரித்துவிட்டாள். “ஏய் இளா, அவன் என்ன பாஷையில பேசினான்?”

“கன்னடம். நடுவுல ரெண்டு தமிழ்.”

“உனக்கு எவ்வளவு கன்னடம் தெரியும்?”

“‘கன்னட கொத்தில்ல’ங்கறதை ரொம்ப நல்லாச் சொல்லுவேன் மேடம். நான் சொன்னா, எனக்குக் கன்னடம் தெரியாதுன்னு யாருமே நம்ப மாட்டாங்க.”

“சப்பரன்னா கன்னடத்துல பந்தல். சாமியெல்லாம் இல்லை.”

“கல்யாணப் பந்தலா? அதுக்கு எதுக்கு டிராக்டர்?”

“வேற என்ன கேட்டாங்க?”

“களை எடுக்கணும், எரு இழுக்கணும், மருந்தடிக்கற டேங்க் மாட்டணும், வீட்டுக்குத் தண்ணி டிரம் கொண்டுவரணும்னு கேட்டிருக்காங்க. அப்புறம் ஒரு கூத்து. வண்டியோட அகலத்தை டேப் வச்சு அளக்கலை. புடவையை வச்சு அளந்தாங்களாம். கரைக்குக் கரை பிடிச்சு, சக்கரத்துக்குச் சக்கரம். ‘இதுக்குள்ள அடங்கினா எடுத்துக்கறேன்’னு.”

மௌரீன் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். “ஒரு புடவை அகலத்துக்குள்ள அடங்கணும், தலைக்கு மேல பந்தல் இடிக்கக் கூடாது. வரிசைக்கு நடுவுல போகற வண்டி. திராட்சைத் தோட்டம்! தொட்டபல்லாபுரம் பக்கம்.”

“அந்தப் பக்கம் ஆயிரம் தோட்டம் இருக்குமே.”

“வண்டி எங்க போகுதோ அங்க போனாப் போச்சு. இன்னிக்குத்தானே டெலிவரி.”

“அய்யோ, அப்ப கிளம்புங்க!”

“வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னெண்டு ராகுகாலம். ஷோரூம் திறக்கறதே பத்து மணிக்கு. அதுக்குள்ள பூஜை போட்டு எடுக்க முடியாது.”

“நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே மேடம்?”

“இந்த ஊர்ல வண்டி வாங்கற எவனும் ராகுகாலத்துல எடுக்கமாட்டான். சர்ச்சுக்குப் போறவனும் ஒரு பக்கம் கடிகாரத்தைப் பார்த்துப்பான். கைப்பிடி என்ன, அதைச் சொல்லு.”

“மட்கார்டுல போட்டிருக்கு. டிரைவருக்கு இடது பக்கம். முதலாளிதான் போன்ல சொன்னாராம். உட்கார ஸ்பாஞ்ச் மெத்தை, பிடிச்சுக்கக் கைப்பிடி.”

“முதலாளின்னுதான் சொன்னானா?”

“முதலாளின்னுதான்.”

மௌரீன் தலையசைத்தாள். தொம்மலூரிலும் முதலாளி, ஷோரூமிலும் முதலாளி. இரண்டு சாட்சி, ஒரே வார்த்தை. அதற்கு மேல் அவள் தோண்டவில்லை. தோண்டியிருக்க வேண்டும்.

அவளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். நாற்பத்தெட்டு வயது. கால்சென்டரில் மற்றவர்கள் பேசிய அழைப்புகளைக் கேட்டு மார்க் போடும் உத்தியோகம் பார்த்தவள். நாள் முழுக்கக் காதில் யாரோ கோபப்படுவார்கள், யாரோ கெஞ்சுவார்கள், யாரோ பொய் சொல்வார்கள். ஒருவரும் இவளிடம் பேசமாட்டார்கள். கம்பெனியை மூடியபோது, தனியாக இருந்த அவள் வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. அந்த அமைதி தாங்காமல்தான் துப்பறிய வந்தாள். ராங் நம்பர் வந்தால்கூட உடனே வைக்கமாட்டாள், இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் வைப்பாள்.

* * *

போகிற வழியில் தொம்மலூரில் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் பழைய ஊரின் நான்கைந்து சந்துகள். வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்துவிட்டார் ஸ்ரீலக்ஷ்மி. தனியாக இருப்பவர்களுக்கு எல்லா வண்டியும் தன் வாசலில் நிற்கப்போகிற வண்டிதான்.

வாசலில் கீரைக்காரி உட்கார்ந்திருந்தாள். அவளோடு கன்னடத்தில் ஒரு சின்னச் சண்டையே நடந்துகொண்டிருந்தது. கட்டு சிறுத்துவிட்டதாம், போன வாரக் கீரையில் மண்ணாம், மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டதாமா. படபடவென்று கொட்டிய அந்தக் கன்னடத்தைக் கேட்டு இளவேனில் வாயைப் பிளந்தாள்.

“எப்படிம்மா இப்படிப் பொழியறீங்க?”

“பொறந்ததே இங்கதானேடி. தாத்தா காலத்துலேர்ந்து இதே வீடு. ஸ்கூல்ல தமிழ் கிடையாது, எல்லாம் கன்னடம்தான். அக்காவும் நானும் சண்டை போடறதே கன்னடத்துலதான்.” சொல்லிவிட்டு இரண்டு கட்டுக் கீரை வாங்கினார். ஒருத்திக்கு ஒரு கட்டே அதிகம்.

மௌரீன் விஷயத்தைச் சொன்னாள். திராட்சைத் தோட்டம், குட்டி டிராக்டர், இன்று டெலிவரி. ஸ்ரீலக்ஷ்மி கேட்டுக்கொண்டே இருந்தார். டிராக்டர் என்றதும் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார்.

“மண்ணுல காலே வைக்கமாட்டா அவ. செருப்பு இல்லாம கொல்லைக்குப் போகமாட்டா. அவளைப் போய் எரு இழுக்க விட்டிருக்கானே அந்த ஆசாமி,” என்றார். பிறகு ஸ்கூட்டரைப் பார்த்தார். “ரெண்டு பேர் போறேள். திரும்பறச்சே மூணு பேர் எப்படி வருவேள்?”

“இவ பஸ்ல வந்துடுவா.”

“மேடம்!” என்றாள் இளவேனில்.

“அப்ப சரி. அவ இன்னிக்கே வந்துடுவா, இல்லையா?”

மௌரீன் வண்டியைக் கிளப்பினாள். வர விரும்பினால்தானே வருவார்? அந்தக் கேள்வியை அவள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

* * *

யெலஹங்கா தாண்டி, தொட்டபல்லாபுரம் ரோட்டில் இருந்தது ஷோரூம். எதிர்ப் புளியமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இருவரும் காத்திருந்தார்கள்.

ராகுகாலம் முடிந்ததும் குட்டி டிராக்டர் வெளியே வந்தது. சிவப்பு நிறம். மூக்கில் சந்தனம், கழுத்தில் சாமந்தி மாலை, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். பக்கத்தில் நின்ற பெரிய டிராக்டர்களுக்கு நடுவே அது பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற குழந்தை மாதிரி இருந்தது. இடது மட்கார்டில் பச்சை ரெக்சின் மெத்தை. அதற்குப் பக்கத்தில் வளைந்த கம்பி, வெயிலில் பளபளத்தது. தேங்காய் உடைந்தது. ஷோரூம் டிரைவர் ஒருவர் ஏறி உட்கார்ந்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி ரோட்டுக்கு வந்தது.

“ஃபாலோ பண்ணுங்க மேடம்! விடாதீங்க!” என்று மௌரீனின் தோளைத் தட்டினாள் இளவேனில்.

விடுவதற்கு அங்கே என்ன இருந்தது? உலகத்திலேயே மெதுவான துரத்தல் அது. டிராக்டர் உருள, பின்னால் ஸ்கூட்டர் தள்ளாட, மௌரீன் இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி ஓட்டினாள். ஒரு பால்கார சைக்கிள் அவர்களைத் தாண்டியது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து, “பெட்ரோல் இல்லியா?” என்று கன்னடத்தில் விசாரித்துவிட்டுப் போனார்.

“மேடம்.”

“என்னா?”

“ஒரு எருமை நம்மளை ஓவர்டேக் பண்ணுது.”

“வழி விட்டுடலாம்.”

“ஹாரன் அடிக்கலையே அது.”

ராஜானுகுண்டே தாண்டியதும் டிராக்டர் ஓரம் கட்டியது. டிரைவர் இறங்கி ஒரு டீக்கடைக்குள் போனார். இவர்களும் நாலு கடை தள்ளி இன்னொரு டீக்கடையில் உட்கார்ந்தார்கள். மாலையும் சந்தனமுமாக டிராக்டர் ரோட்டோரம் தனியாக நின்றது.

இளவேனில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிவிட்டது.

“மேடம், எனக்கு ஒண்ணு உறுத்துது.”

“சொல்லு.”

“அந்தக் கைப்பிடி. முதலாளி போன் பண்ணி, மெத்தை போடு, கைப்பிடி போடுங்கறார். யாருக்கு? பக்கத்துல உட்காரப்போற அம்மாவுக்கு. எந்த ஊர்ல மேடம் முதலாளி வேலைக்காரம்மா விழுந்துடக் கூடாதுன்னு கைப்பிடி போடறான்? நீங்க எனக்கு முதலாளி. உங்க ஸ்கூட்டர் பின்சீட்டுல கைப்பிடி உடைஞ்சு ஆறு மாசம் ஆச்சு. போட்டீங்களா?”

மௌரீன் ஸ்கூட்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

“போடலையா? அதான் முதலாளி. இந்த ஆளு முதலாளி இல்லை.”

“இரு இரு.” மௌரீன் கிளாஸைக் கீழே வைத்தாள். “ஹரிஷ் சொன்னதைத் திரும்பச் சொல்லு. நீ தமிழ்ல மாத்தாதே. அவன் வாயிலிருந்து எப்படி வந்துச்சோ அப்படியே.”

“‘அவர யஜமானரு ஃபோன் மாடிதாரே’ன்னான். எஜமானர் போன் பண்ணினார். எஜமானர்னா முதலாளி. இதுக்குப் போய் அகராதி பார்க்கணுமா?”

மௌரீன் அந்த வார்த்தையைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

“இளா, இந்த ஊர்ல ஒரு பொம்பளையோட ‘யஜமானரு’ன்னா முதலாளி இல்லை. அவ புருஷன்.”

“புருஷனா?”

“மரியாதையாச் சொல்றது அப்படித்தான். ‘நம்ம யஜமானரு ஊரில் இல்லை’, ‘நிம்ம யஜமானரு ஏனு மாட்தாரே’, அதாவது உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார். தெருவுக்குப் பத்து தடவை கேட்கலாம்.”

இளவேனில் டிராக்டரைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். மெல்ல மெல்ல அவள் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

“அப்ப அந்த மைசூர் சிநேகிதிக்கு மீசை இருக்குன்னு சொல்லுங்க!”

“இருக்கும்.”

“அறுபத்திரண்டு வயசுல கல்யாணம் பண்ணிக்கிட்டு, சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு... அட அட அட! நான்தான் குழப்பிட்டேன். சப்பரத்துல ஒரு தடவை, யஜமானர்ல ஒரு தடவை. என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க மேடம். முதல்ல அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிடலாம். முதலாளியெல்லாம் இல்லை, மாப்பிள்ளைன்னு. சந்தோஷப்படுவாங்க.”

மௌரீன் போனை எடுக்கவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“நீ விருத்தாசலத்துக்காரி. வந்து ஒண்ணரை வருஷம். நீ தப்பாப் புரிஞ்சுக்கலாம். அந்தக் கடைப் பொண்ணு செவ்வாய்க்கிழமை போன் பண்ணி, ‘நிம்ம யஜமானரு’ன்னு சொன்னப்போ, எடுத்தது யாரு?”

“ஸ்ரீலக்ஷ்மி அம்மா.”

“காலைல கீரைக்காரிகிட்ட அந்தக் கன்னடம் பேசினது யாரு?”

இளவேனிலின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“தெரிஞ்சேதான் முதலாளின்னு சொன்னாங்களா?” என்றாள் மெதுவாக. “நம்மகிட்ட எதுக்கு மேடம் பொய் சொல்லணும்?”

ரோட்டில் டிராக்டர் உறுமியது. டிரைவர் ஏறிவிட்டார். மௌரீன் டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தாள்.

* * *

தார் ரோடு போய் மண் ரோடு வந்தது. இருபுறமும் கல்தூண்களில் கட்டிய கம்பிப் பந்தல், அதன்மேல் படர்ந்த திராட்சைக் கொடிகள். டிராக்டர் ஒரு வேலிக்குள் நுழைந்தது. இவர்கள் வெளியே, சவுக்கு மரங்களுக்குப் பின்னால், ஸ்கூட்டரை அணைத்தார்கள்.

உள்ளே ஓட்டு வீடு. வாசலோரம் எருக்குவியல், தண்ணீர் டிரம், துருப்பிடித்த கைவண்டி. வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வேகமாக வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நரைத்த பெரிய மீசை. இளவேனில் மௌரீனை முழங்கையால் இடித்தாள். பெரியவர் பின்னாலேயே வந்தார் அலர்மேல்மங்கை. ஸ்ரீலக்ஷ்மி கொடுத்த போட்டோவில் இருந்த அதே முகம். மடிப்புக் கலையாத நூல் புடவை, காலில் வெள்ளை ஷூ.

ஷோரூம் டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். பெரியவர் டிராக்டரைச் சுற்றி வந்தார். சக்கரத்தை உதைத்துப் பார்க்கவில்லை, இன்ஜினைத் திறந்து பார்க்கவில்லை. முதலில் அந்தக் கம்பியைத்தான் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினார். அலர்மேல்மங்கை ஏறினார். புடவையைச் செருகிக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்தார். பெரியவர் டிரைவர் சீட்டில் ஏறினார்.

வண்டி பந்தலுக்கு அடியில் நுழைந்தது. அலர்மேல்மங்கை தலையைக் குனிந்துகொண்டார். அதோடு விடாமல், இன்னொரு கையால் பெரியவரின் தலையையும் பிடித்துக் கீழே அமுக்கினார். வண்டி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போய் ஒரு தூணருகே நின்றது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு வேலியைத் தாண்டி வந்தது.

“நல்லா இருக்காங்க மேடம்,” என்றாள் இளவேனில். அவள் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

மௌரீன் போனை எடுத்துத் தொம்மலூர் நம்பரை அழுத்தினாள். முதல் மணி முழுதாக அடிக்கும் முன்பே எடுத்துவிட்டார்கள்.

“கண்டுபிடிச்சுட்டேளா?”

“கண்டுபிடிச்சாச்சும்மா.”

“எப்படி இருக்கா? இளைச்சிருக்காளா?”

“இளைக்கலை. கொஞ்சம் கறுத்திருக்காங்க. வெயில்.”

“அவளுக்கு வெயில் ஒத்துக்காதே! உடனே அழைச்சுண்டு வந்துடுங்கோ. நான் ரசம் வச்சுட்டேன்.”

“அம்மா, அந்தக் கடைப் பொண்ணு உங்ககிட்ட என்ன வார்த்தை சொன்னா?”

“அன்னிக்கே சொன்னேனே. முதலாளின்னு.”

“அது நீங்க எங்ககிட்ட சொன்ன வார்த்தை. அவ உங்ககிட்டச் சொன்னது?”

பேச்சு நின்றது. மௌரீன் பத்து வருஷம் மௌனங்களுக்கும் மார்க் போட்டவள். பதில் தெரியாதவர்களின் மௌனம் ஒரு மாதிரி சலசலக்கும். பதில் தெரிந்தவர்களின் மௌனத்தில் மூச்சுகூடக் கேட்காது. இதில் கேட்கவில்லை.

“யஜமானரு,” என்றார் ஸ்ரீலக்ஷ்மி.

மௌரீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“என்னைக் கோச்சுக்காதீங்கோ. தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன். கையில ரிசீவரை வச்சுண்டு அப்படியே நின்னுட்டேன். முதலாளிகிட்ட மாட்டிண்டிருக்கான்னா, நீங்க போய் மீட்டுண்டு வருவேள். ஆத்துக்காரரோட இருக்கான்னா எப்படி மீட்கறது? யாரைப் போய்க் கேட்கறது, சொல்லுங்கோ?”

“அவங்க உங்ககிட்ட ஏன் சொல்லலை?”

“எனக்குப் பயந்துண்டுதான். தனியா விட்டுட்டுப் போறேன்னு எப்படிச் சொல்லுவா? நான் என்ன, வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?” ஸ்ரீலக்ஷ்மி கொஞ்சம் நிறுத்தினார். “சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லாட்டாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருப்பேன். அவளுக்குத் தெரியாதா என்னை?”

ஒரு சின்னக் காற்று அடித்தது. கொடிகள் அசைந்தன. பந்தலுக்குள் பெரியவர் கியர் மாற்றத் தெரியாமல் ஏதோ முனகுவதும், அலர்மேல்மங்கை அவரை அதட்டுவதும் கேட்டன.

“அம்மா, நாங்க வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கறோம். நாங்க வந்தது அவங்களுக்குத் தெரியாது. உள்ள போய்ப் பேசட்டுமா? இல்லே, இப்படியே திரும்பி வந்துடட்டுமா? நீங்க எது சொல்றீங்களோ அது.”

“இப்ப என்ன பண்ணிண்டிருக்கா?”

“சிரிச்சுக்கிட்டிருக்காங்க.”

“சத்தமாவா?”

“ரோடு வரைக்கும் கேக்குது.”

“இங்க வாயைப் பொத்திண்டுதான் சிரிப்பா,” என்றார் ஸ்ரீலக்ஷ்மி. அது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

இளவேனில் புருவத்தை உயர்த்தி, என்ன என்று கேட்டாள். மௌரீன் கையைக் காட்டி நிறுத்தினாள். தொம்மலூர் வீட்டில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் போன் வழியாக வந்தது. அதற்குப் பின்னால் வேறு சத்தமே இல்லை. வேறு யாரும் இல்லாத வீட்டில் அப்படித்தான் கேட்கும். மௌரீனுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

பிறகு ஸ்ரீலக்ஷ்மி மூக்கை உறிஞ்சினார்.

“உள்ள போங்கோ. நான் கூப்பிட்டேன்னு சொல்லி அழைச்சுண்டு வாங்கோ.”

“அம்மா...”

“ரெண்டு பேரையும்தான் சொல்றேன். அவரும் கட்டாயம் வரணும்.” குரல் ஒரு நொடி உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. “அவளைத் தனியா மட்டும் அனுப்பாதீங்கோ. அவ தனியா வந்தாள்னா, நான் திருப்பி அனுப்பமாட்டேன்.”